ஐந்தாவது தட்டு

பாஸ்கா காலம் மூன்றாம் ஞாயிறு – வானொலி மறையுரை
நற்செய்தி: யோவான் 21:1-19



இன்றைய நற்செய்தி, இரவு வேலை பார்த்தவர்களின் நற்செய்தி. திபேரியக் கடலில் ஏழு பேர் இரவு முழுவதும் வலை வீசுகிறார்கள். ஒரு மீன்கூட அகப்படவில்லை. விடியும் நேரத்தில் கரையில் ஒருவர் நிற்கிறார். அவர் சொன்னபடி வலப்பக்கம் வலையைப் போடுகிறார்கள். இழுக்க முடியாத அளவுக்கு மீன். கரைக்கு வந்து பார்த்தால், அங்கே கரி நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் அப்பம் இருக்கிறது. இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டுக் கரையேறும் ஒருவனுக்குச் சூடான சாப்பாடு என்றால் என்னவென்று காசிமேட்டு மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள். இயேசு விருந்துக்குப் போன நிகழ்ச்சிகள் பல உண்டு. கானாவூர்த் திருமணம், லேவி வீட்டு விருந்து, பரிசேயராகிய சீமோன் வீட்டு விருந்து, பெத்தானியாவில் மார்த்தா வீடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் ஆண்டவரே அடுப்பு மூட்டிச் சமைத்துவைத்துக் காத்திருந்த நிகழ்ச்சி இது ஒன்றுதான். சாவை வென்றவர், விண்ணுக்கும் மண்ணுக்கும் ஆண்டவர், களைத்து வந்த தொழிலாளர்களுக்குக் காலை உணவு செய்கிறார். சாப்பிட வரும்படி அழைக்கிறார். தம் கையாலேயே அப்பத்தையும் மீனையும் எடுத்துக் கொடுக்கிறார்.

மூன்று நாட்களுக்கு முன்பு மே தினம், தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. அதையொட்டி வரும் இந்த ஞாயிறன்று, உழைக்கும் குடும்பங்களின் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். நம் வீடுகளில் யார் சமைக்கிறார்கள்? யார் முதலில் சாப்பிடுகிறார்கள்? யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? பந்தியில் யார் கணக்கில் வராமல் போகிறார்கள்?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் பகுதியின் கடிகாரம் வேறு. துறைமுகத்துக்கு இரவு பகல் கிடையாது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை நிற்பதில்லை. திருவொற்றியூர், கத்திவாக்கம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் காலை 6 மணி ஷிப்ட், மதியம் 2 மணி ஷிப்ட், இரவு 10 மணி ஷிப்ட் என்று மாறி மாறி வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரியோடு வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்கு, வீட்டுக்கு எப்போது போவோம் என்று சொல்லவே முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால், நான்கு நேரத்தில் சாப்பிடுகிறார்கள். சமைப்பவர் மட்டும் ஒருவர்தான். அவர் நான்கு முறை சூடு பண்ணுகிறார். கடைசியில், சட்டியின் அடியில் இருப்பதை நின்றுகொண்டே சாப்பிடுகிறார்.

இந்தச் சமையலறைப் பாரத்தைக் குறைக்க இக்காலத்தில் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. ‘மீல் கிட்’ என்கிறார்கள். நாம் சமையல் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். இது ஓட்டலிலிருந்து வரும் சாப்பாடு அல்ல. கைப்பேசியில் பதிவு செய்தால், ஒரு நாள் சமையலுக்கு வேண்டிய காய்கறி, பருப்பு, மசாலா எல்லாவற்றையும் இத்தனை பேருக்கு இவ்வளவு என்று அளந்து, தனித்தனியாகக் கட்டி, ஒரு பெட்டியில் வைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு செய்முறை அட்டை இருக்கும். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று படத்தோடு போட்டிருக்கும். அதைப் பார்த்து நாம் சமைக்க வேண்டும். 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டில் இது தொடங்கியது. 2011இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹலோ ஃபிரெஷ், 2012இல் நியூயார்க்கில் புளூ ஏப்ரன் என்று பெரிய நிறுவனங்கள் வந்தன. கொரோனா ஊரடங்கு காலத்தில் மேலைநாடுகளில் இது மிகவும் பெருகியது.

நமக்கும் இது அவ்வளவு அந்நியமானதல்ல. காய்கறிக் கடையில் முருங்கை, கத்திரி, கேரட் எல்லாம் கலந்து சாம்பாருக்கென்றே கூறு கட்டித் தருகிறார்கள். தெருமுனைக் கடையில் இட்லி மாவு பாக்கெட் கிடைக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கினால், அங்கேயே அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் அக்கா சுத்தம் செய்து, குழம்புக்கு வேறு, வறுவலுக்கு வேறு என்று வெட்டித் தருகிறார். வீட்டு வேலையில் ஒரு பகுதியைத் தெருவிடம் ஒப்படைப்பது பழைய வழக்கம்தான். அம்மியும் ஆட்டுக்கல்லும் போய், மிக்சியும் கிரைண்டரும் வந்தன. அதையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. அம்மியில் அரைத்தால்தான் ருசி என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அம்மியில் அரைக்காதவர்கள்.

நம் பகுதியில் ஒரு குடும்பம் இந்தச் சமையல் பெட்டியை ஒரு மாதம் வாங்கிப் பார்த்தது. அவர்கள் அனுமதியோடு சொல்கிறேன், பெயர் வேண்டாம். கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மனைவி ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். மகள் பதினொன்றாம் வகுப்பு. கணவரின் தாயார், பிள்ளைகளுக்கு ஆயா, அவர்களோடு இருக்கிறார். ஆக ஐந்து பேர்.

ஒருநாள் அந்தச் சகோதரி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மயங்கி விழுந்துவிட்டார். மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, இரத்தசோகை என்று சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “தினமும் எத்தனை மணிக்கும்மா சாப்பிடுறீங்க?” அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் மற்ற எல்லாரும் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று அவரால் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும். தன்னுடைய சாப்பாட்டுக்கு மட்டும் நேரம் கிடையாது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல, சகோதர சகோதரிகளே. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பாதிக்கும் மேல்! இரத்தசோகைக்குப் பல காரணங்கள் உண்டு. கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் அதைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மீன் கழுவி, மீன் குழம்பு வைத்து, மீன் துண்டுகளை எல்லாருக்கும் வைத்துவிட்டு, குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் தாய்மார்களை உங்களுக்குத் தெரியாதா? “எனக்கு மீன் அவ்வளவா பிடிக்காது” என்று அவர்கள் சொல்வதை நாமும் வசதியாக நம்பிவிடுகிறோம்.

செய்தி கேட்டு, பெங்களூருவில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஒரு மாதத்துக்குப் பணம் கட்டி, வாரம் மூன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சமையல் பெட்டி வரும்படி ஏற்பாடு செய்தார். அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

முதல் பெட்டி வந்தது. அந்தச் சகோதரியே சமைத்தார். காய் நறுக்கும் வேலை, மசாலா அரைக்கும் வேலை இல்லை. அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? ஊறவைத்த துணிகளைத் துவைத்தார். பெட்டி வேலையைக் குறைத்தது, ஓய்வைக் கொடுக்கவில்லை. மிச்சமான நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை எந்தப் பெட்டியும் தீர்மானிக்காது. அதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. பெட்டியின்மேல் ‘4 பேருக்கு’ என்று போட்டிருந்தது. வீட்டில் ஐந்து பேர். ஆயா சொன்னார்: “எனக்கு எதுக்குடா இதெல்லாம்? மத்தியானக் கஞ்சி இருக்குது, அது போதும்.” யாரும் மறுத்துப் பேசவில்லை. நான்கு தட்டுகள் நான்கு இடங்களுக்குப் போயின. ஒன்று டிவி முன்னால், ஒன்று கட்டில்மேல், ஒன்று வாசற்படியில், ஒன்று அடுப்படியில். ஆயா கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் வாரம். மாதக் கடைசி, அந்தச் சகோதரிக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வேலை. வீட்டுக்கு வர எட்டரை மணி ஆகும் என்று சொல்லிவிட்டார். கணவருக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தார். பெட்டியும் வந்துவிட்டது. வழக்கமாக அவர் சொல்லும் பதில், “எனக்குச் சமைக்கத் தெரியாதே” என்பதுதான். ஆனால் பெட்டிக்குள் அட்டை இருக்கிறதே! தொழிற்சாலையில் தினமும் வேலைக்குறிப்பைப் படித்து இயந்திரத்தை ஓட்டுகிற மனிதருக்கு, இந்த அட்டையைப் படிக்கத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். அட்டையில் 40 நிமிடம் என்று போட்டிருந்தது. அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆயா சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, “தீயைக் குறைடா, அடிபிடிக்குது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சமைத்து முடித்ததும் பிள்ளைகள் தட்டெடுக்க வந்தார்கள். “அம்மா வரட்டும்” என்றார் தகப்பனார். காத்திருந்தார்கள். அந்த வீட்டில் அம்மாவுக்காக மற்றவர்கள் காத்திருந்தது அன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகள் கூடத்தில் பாய் விரித்து, நான்கு தட்டுகளை வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஐந்தாவது தட்டை எடுத்துவந்து ஆயாவின் முன்னால் வைத்தாள். குழம்பு நான்கு பேருக்குத்தான். அதனாலென்ன? இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி வைத்தார்கள். மூன்று முட்டையை உடைத்து ஊற்றினார்கள். பெட்டி சொன்ன கணக்கை வீடு மாற்றியது.

அந்தச் சகோதரி சில நாள் கழித்து என்னிடம் சொன்னார்: “ஃபாதர், கல்யாணமாகி 19 வருஷம் ஆகுது. நோவு வந்து படுத்த நாளைத் தவிர, எனக்கு ஒருத்தர் சோறு போட்டு வெச்சது அன்னைக்குத்தான். உப்பு ஜாஸ்தி. ஆனா நல்லா சாப்பிட்டேன்.”

அன்பார்ந்தவர்களே, திருவிவிலியத்திலும் அளந்து கொடுக்கப்பட்ட உணவு ஒன்று உண்டு. விடுதலைப் பயண நூல் 16ஆம் அதிகாரத்தில் பாலைநிலத்து மன்னாவைப் பற்றி வாசிக்கிறோம். ஆளுக்கு ஒரு ஓமேர், அதாவது சுமார் 2 லிட்டர். கூடாரத்தில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் அதே அளவு. அதிகம் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. பதுக்கிவைத்தது புழு வைத்துப்போயிற்று. அளவு என்பது ஆண்டவரின் பார்வையில் கஞ்சத்தனம் அல்ல, அது நீதி. ஒருவரும் விடுபடக் கூடாது என்பதற்காகவே அளவு.

அளந்து சமைப்பதில் ஒரு நன்மை இருப்பதை நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2019இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சமையல் பெட்டிகளை ஆராய்ந்தார்கள். பிளாஸ்டிக் உறைகள் அதிகம் இருந்தும், கடையில் வாங்கிச் சமைக்கும் அதே உணவைவிடப் பெட்டி உணவால் சராசரியாகச் சுற்றுச்சூழல் பாதிப்பு குறைவு என்று கண்டார்கள். முக்கியக் காரணம், உணவு வீணாவது குறைவு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. உணவை வீசி எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதைப் போன்றது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூன் மாதம் கண்டித்துப் பேசினார். நாம் வீசும் சோறும் சரி, பெட்டியோடு வரும் பிளாஸ்டிக்கும் சரி, கடைசியில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் போகின்றன. அதன் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் வட சென்னை மக்கள்தான்.

ஆனால் மன்னாவின் அளவுக்கும் பெட்டியின் அளவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மன்னாவை அளக்கும்போது கூடாரத்தில் இருக்கும் ஆட்கள் எண்ணப்பட்டார்கள். பெட்டியை அளக்கிறவருக்கு நம் வீட்டு ஆயாவைத் தெரியாது. எண்ண வேண்டியவர்கள் நாம்.

அதே மன்னா நிகழ்ச்சியில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்க வேண்டும். ஏழாம் நாள் ஓய்வு. அந்த ஓய்வு வீட்டுத் தலைவருக்கு மட்டுமல்ல. அடிமை ஆணுக்கும் அடிமைப் பெண்ணுக்கும், கால்நடைகளுக்கும்கூட ஓய்வு என்று அதே நூலின் 20ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. மாட்டுக்கும் ஓய்வு கொடுத்த கடவுள், அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு ஓய்வு கொடுக்காமல் விடுவாரா? நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறியும் மீனும் என்று வேலை இரட்டிப்பாகிறது. ஆண்டவருடைய நாள் நமக்கு ஓய்வுநாள். அம்மாவுக்கு மட்டும் அது அதிக வேலை நாள்.

நடுவண் அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைத்தார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அதுவும், வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களே 100க்கு 26 பேர்தான். மற்ற 74 பேர் எங்கே இருந்தார்கள்? என்னுடைய குரலை இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சிலரும் அந்த 74இல் இருக்கலாம்.

இங்கேதான் திபேரியக் கடற்கரை நமக்குப் பாடமாகிறது. சமைப்பது சிறுமை என்று நினைக்கும் ஆண்மகன், உயிர்த்த ஆண்டவர் கரி நெருப்பின் அருகில் நிற்பதைப் பார்க்கட்டும். சமைப்பது ஒருவருடைய வேலை மட்டுமே என்று நினைக்கும் வீடும் அந்தக் காட்சியைக் கூர்ந்து பார்க்கட்டும். ஆண்டவரிடம் ஏற்கெனவே மீனும் அப்பமும் இருந்தன. ஆனாலும் சீடர்கள் பிடித்த மீனிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். தாம் சமைத்ததோடு அவர்கள் கொண்டுவந்ததையும் சேர்த்துக்கொள்கிறார். பந்தி என்றால் எல்லாருடைய கையும் அதில் இருக்க வேண்டும்.

இன்னொரு குறிப்பையும் கவனியுங்கள். பேதுரு ஆண்டவரை மூன்று முறை மறுதலித்தவர். அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் ஆண்டவர் கரைக்கு வந்த உடனே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதலில் சாப்பிட வைக்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், தம்மை அன்பு செய்கிறாரா என்று மூன்று முறை கேட்கிறார். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தட்டை வைத்தவுடன் மகனுடைய மார்க், மகளுடைய கைப்பேசி, மாமியாரின் மருந்துச் செலவு, குடிப்பழக்கம், கடன் எல்லாம் பந்திக்கு வந்துவிடுகின்றன. பாதிச் சோற்றில் ஒருவர் எழுந்துபோகிறார். பேச வேண்டியதைப் பேசத்தான் வேண்டும். அதற்கு முன் வயிறு நிறையட்டும் என்கிறார் ஆண்டவர்.

புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஒரு பிரச்சினையைக் கையில் எடுக்கிறார். கொரிந்து நகர் ஒரு துறைமுக நகர். அங்கே கிறிஸ்தவர்கள் யாராவது ஒருவருடைய வீட்டில் கூடி, ஆண்டவருடைய திருவிருந்தைக் கொண்டாடினார்கள். வசதி உள்ளவர்கள் முன்னதாகவே வந்து சாப்பிட்டுவிட்டார்கள். ஏழைகளுக்கு ஒன்றும் இல்லை. ஒருவர் பசியாயிருக்க, இன்னொருவர் குடிவெறியில் இருந்தார். பின்தங்கியவர்கள் வேலை முடிந்து தாமதமாக வந்த கூலிகளும் அடிமைகளுமாக இருக்க வேண்டும் என்று விவிலிய அறிஞர்கள் விளக்குகிறார்கள். நம் மொழியில் சொன்னால், செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள். நீங்கள் உண்பது ஆண்டவருடைய திருவிருந்தே அல்ல என்று பவுல் கடிந்துகொள்கிறார். அதற்கு அவர் சொல்லும் மருந்து மிகவும் எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அது. நற்கருணையைப் பற்றி எவ்வளவோ ஆழமான இறையியல் எழுதிய அதே அதிகாரத்தைப் பவுல் இந்தச் சிறிய அறிவுரையோடு முடிக்கிறார். வேலை முடிந்து வருகிறவருக்காகக் காத்திருப்பதும் நற்கருணை வாழ்வின் பகுதிதான்.

2025 ஏப்ரல் மாதம் இறைவனடி சேர்ந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ், 2015 நவம்பர் 11ஆம் நாள் பொது மறைக்கல்வி உரையில் இதைப் பற்றியே பேசினார். சேர்ந்து சாப்பிடாத குடும்பம், அல்லது சாப்பிடும்போது பேசிக்கொள்ளாமல் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பம், குடும்பம் என்ற பெயருக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று வருத்தத்தோடு சொன்னார்.

“ஃபாதர், எங்கள் ஷிப்டில் இது எப்படி முடியும்?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நான் சொன்ன அந்தக் குடும்பத்துக்கும் இதே கேள்விதான். கணவருக்கு மதியம் 2 மணி ஷிப்ட் வரும் வாரத்தில், அவர் வீடு திரும்ப இரவு பதினொரு மணி ஆகும். பிள்ளைகளும் ஆயாவும் அதுவரை பசியோடு உட்கார முடியாது. ஆகவே அந்த வாரங்களில் இரவை விட்டுவிட்டார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும், காலை உணவை ஐந்து பேரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். குடும்பச் சாப்பாடு என்றால் இரவுச் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களோடு அந்தக் கரையில் உண்டது காலை உணவுதான். உங்கள் ஷிப்ட் அட்டவணையை எடுத்து, வாரத்தில் எந்த வேளை எல்லாரும் வீட்டில் இருப்பீர்கள் என்று பாருங்கள். ஒரு வேளையாவது அகப்படும். அந்த ஒரு வேளையைக் காப்பாற்றுங்கள்.

மாதம் முடிந்ததும் அவர்கள் வீட்டில் பெட்டி நின்றுவிட்டது. அந்த விலை தொடர்ந்து கட்டாது. ஆனால் அட்டை நின்றுவிடவில்லை. ஆயாவுக்கும் அம்மாவுக்கும் எல்லாம் கையளவும் கண்ணளவும்தான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் அள்ளிப் போடும்போதெல்லாம் அதை வாங்கிக் கரண்டியிலும் ஆழாக்கிலும் அளந்து, நெத்திலிக் குழம்பு, காரக்குழம்பு, பருப்பு ரசம் என்று ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதினாள். காலை ஷிப்ட் வாரத்தில் இரண்டு நாள் அந்த அட்டைகளைப் பார்த்துத் தகப்பனும் மகனும் சமைக்கிறார்கள். பெட்டியை வாங்க வசதியில்லாத குடும்பமும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். நம் பாட்டிமார் கையோடு போய்விடும் அறிவு அதனால் வீட்டில் தங்கும்.

மீனவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கின்றன. வருமானம் இல்லாத நாட்கள் இவை; அந்தக் கவலை பெரிது. அந்தக் கவலையோடு வீட்டில் இருக்கும் ஆண்மக்களே, வலையைப் பின்னுகிறீர்கள், படகைப் பழுதுபார்க்கிறீர்கள், நல்லது. கடலில் இருக்கும்போது படகில் நீங்களே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தானே! ஆழ்கடலில் அலைமேல் சோறு வடிக்கத் தெரிந்தவருக்கு, வீட்டு அடுப்பில் சமைக்கத் தெரியாமல் போகுமா? இந்த 61 நாட்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது உங்கள் மனைவியை உட்காரவைத்துப் பரிமாறுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

கடைசியாக ஐந்தாவது தட்டு. அரசர்கள் முதல் நூல் 17ஆம் அதிகாரத்தில் வரும் சாரிபாத்துக் கைம்பெண்ணிடம், கையளவு மாவும் கொஞ்சம் எண்ணெயும் இருந்தன. அவருக்கும் மகனுக்குமாக இரண்டு பேருக்குத்தான் கணக்கு. எலியா மூன்றாவது ஆளாக வந்து நின்றார். அந்தப் பெண் மூன்றாவதாக ஒரு பங்கு வைத்தார். பஞ்சம் தீரும்வரை பானையில் மாவு குறையவில்லை. நம் தெருவைப் பாருங்கள். ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கி, துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி வைக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். “ஒரு ஆளுக்கு என்னத்த சமைக்கிறது” என்று பட்டினியாகவே படுத்துவிடும் கைம்பெண்கள் இருக்கிறார்கள். இவர்கள் எந்தப் பெட்டியின் கணக்கிலும் வரமாட்டார்கள். உங்கள் அன்பியக் கூட்டத்தில் இவர்களை எண்ணுங்கள். மாதத்தில் ஒரு வேளையாவது ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள்.

நம் பீடத்தில் நாம் காணிக்கையாக்கும் அப்பமும் இரசமும் நிலத்தின் விளைச்சல். மனிதருடைய உழைப்பும் அவற்றில் இருக்கிறது. அந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடைய கைகளில் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. திருப்பலியில் யாரும் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுவதில்லை. எல்லாருக்கும் கிடைப்பது முழுக் கிறிஸ்துவே. கோயிலில் அப்படிப் பந்தியமர்ந்துவிட்டு, வீட்டில் ஒருவரை நிற்கவைத்துச் சாப்பிடவிடுவது பொருந்தாது.

மன்றாடுவோம்: உயிர்த்த ஆண்டவரே, இரவெல்லாம் உழைத்தவர்களுக்கு நீர் நெருப்பு மூட்டிக் காத்திருந்தீர். எங்கள் வீடுகளில் சமைக்கும் கைகளுக்கு ஓய்வைத் தாரும். தாமதமாக வருகிறவர்களுக்காகக் காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். கணக்கில் வராதவர்களை எண்ணும் கண்களைத் தாரும். கடலில் இறங்க முடியாத இந்நாட்களில் எங்கள் மீனவக் குடும்பங்களின் அடுப்பு அணையாமல் காத்தருளும். எங்கள் ஒவ்வொரு பந்தியிலும் நீரே வந்து அமர்ந்தருளும். ஆமென்.